மலைநாட்டு ரயிலும் தபால் பஸ்ஸும்

சங்கங்களின் பொதுப் பேரவையில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "இந்தக் கிளை நஷ்டத்தில் நடக்கிறதே, இதை ஏன் மூடிவிடக் கூடாது?" என்பதே அது. அக்கிளை, தொலைவிலுள்ள சிற்றூரில் பத்துப் பதினைந்து தறிக்காரர்களுக்கு நூல் வழங்கும் கிளையாக இருக்கலாம். மலையடிவாரத்தில் காய்கறி சேர்க்கும் கொள்முதல் நிலையமாகவும் இருக்கலாம். கேள்வி கேட்பவர் ஐந்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். பதில் சொல்பவர்களோ பெரும்பாலும் இரக்கத்தை முன்வைத்துப் பதில் சொல்லுகின்றனர். கணக்கால் எழுந்த கேள்விக்கு இரக்கத்தால் சொல்லும் விடை ஓராண்டு தாங்கும். மறு ஆண்டு தாங்காது. கணக்காலேயே விடை சொல்ல வழியுண்டா என்று ஆராய விரும்புவோர்க்குக் கிராமப்புறப் பொதுப் போக்குவரத்தைப் போன்ற நல்ல பாடம் வேறில்லை.

சிற்றூருக்குப் போகும் பஸ் காலையில் நிறைந்து ஓடும். நண்பகலில் வெறுமையாக ஓடும். இரவில் இருவரோ மூவரோ இருப்பர். மலைக்கிராமங்களுக்கு ஓடும் ரயிலும் அவ்வாறே. பயணக் கட்டணத்தை மட்டும் கொண்டு இத்தகைய பணியை நடத்துவது உலகில் எங்கும் அரிது. ஆகவே நஷ்டம் வருமா வராதா என்பதன்று கேள்வி. வரப்போகும் நஷ்டத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு நடத்துகிறோமா, அல்லது ஆண்டு முடிந்தபின் கண்டு திகைக்கிறோமா என்பதே கேள்வி. முன்கூட்டியே எழுதிக்கொண்டு நடத்தும் முறையை ஸ்விட்ஸர்லாந்து நாட்டில் தெளிவாகக் காணலாம். அம்முறை ஒருசமயம் எவ்வாறு பழுதுபட்டது என்பதையும் அங்கேயே காணலாம். பின்னதுதான் நமக்கு மிகுதியும் பயன்படுவது.

அந்நாடு பணக்கார நாடாயிற்றே, நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பணத்தை நாம் கடன் வாங்கப் போவதில்லை. கணக்கு எழுதும் முறையை மட்டுமே பார்க்கப் போகிறோம். மேலும், அந்நாட்டு மலை ரயில் நமக்கு முற்றிலும் அந்நியமுமன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் ரயிலில், தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் கிடப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அம்முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்னும் ஸ்விஸ் எஞ்சினியர். அப்பாதையில் ஏறிய புகழ்பெற்ற நீராவி எஞ்சின்கள் அந்நாட்டு விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை.

ரயிலும் குதிரை வண்டியும்

ஸ்விட்ஸர்லாந்தில் 26 மாநிலங்கள் உண்டு. கான்டன் என்பது அவற்றுக்கு அங்குள்ள பெயர். அவற்றுள் பரப்பால் பெரியது கிழக்கெல்லையிலுள்ள கிராவ்பூண்டன். 7,100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. மக்கள்தொகையோ ஏறத்தாழ இரண்டு லட்சம்தான். நூற்றைம்பது பள்ளத்தாக்குகள் உடைய நாடு என்று அவ்வூரார் சொல்லிக்கொள்வர். ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியன் என்று மூன்று மொழிகள் அங்கு வழங்குகின்றன. இவ்வளவு பரந்த மலைநாட்டில் இவ்வளவு குறைந்த மக்களுக்கு வண்டி ஓட்டுவது எளிய காரியமன்று.

அங்கு ஓடும் ரேட்டியன் ரயில், நம் நீலகிரி ரயிலைப் போலவே மீட்டர் கேஜ் பாதையுடையது. 1889-இல் லாண்ட்குவார்ட் என்னும் ஊரிலிருந்து கிளோஸ்டர்ஸ் வரையிலும், 1890-இல் டாவோஸ் வரையிலும் முதற்பாதை திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் ஏறத்தாழ 384 கிலோமீட்டர். 1999-இல் 19 கிலோமீட்டர் நீளமுள்ள வெரைனா சுரங்கமும் சேர்ந்தது. கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு மாநில அரசினுடையது; அடுத்த பெரும்பங்கு கூட்டாட்சி அரசினுடையது.

ரயில் ஏறமுடியாத பள்ளத்தாக்குகளுக்குத் தபால் வண்டி போயிற்று. 1849-இல் கூட்டாட்சித் தபால் இலாகா அமைந்தது. குதிரை பூட்டிய வண்டியில் கடிதமும் ஆளும் ஒன்றாகவே பயணம் செய்தன. எப்படியும் கடிதம் போயாக வேண்டும். போகிற வண்டியில் ஆளும் ஏறிக்கொள்ளட்டும் என்னும் இந்த எளிய சிக்கனமே தபால் பஸ்ஸின் மூலம். 1906-இல் பெர்ன் நகரிலிருந்து டெட்லிகன் என்னும் ஊருக்கு முதல் மோட்டார் தபால் வண்டி ஓடிற்று. கிராவ்பூண்டனிலோ நிலைமை வேறு. 1900 முதல் அம்மாநிலம் தன் சாலைகளில் மோட்டார் வண்டியையே தடை செய்திருந்தது! மக்கள் பலமுறை வாக்களித்துத் தடையைக் காத்தனர். 1925-இல்தான் அது நீங்கிற்று. அன்று தயங்கிய அதே பள்ளத்தாக்குகளில் இன்று மஞ்சள் நிறத் தபால் பஸ் ஓடாத சாலை அரிது.

இந்தச் சேவையின் இக்காலப் பெயர் போஸ்ட்ஆட்டோ. ஆட்டோ என்றதும் நம் மூன்று சக்கர வண்டியை நினைத்துவிட வேண்டா. முழு அளவுள்ள பஸ்தான். ஆதலின் தபால் பஸ் என்றே இங்கு வழங்குவோம். நாடு முழுவதும் ஏறத்தாழ 900 வழித்தடங்களில் அது ஓடுகிறது. பல வழித்தடங்களில் உள்ளூர்ச் சிறு முதலாளிகளே ஒப்பந்தக்காரர்களாக இருந்து வண்டி ஓட்டுகின்றனர். வண்டியின் நிறமும் சீட்டும் கால அட்டவணையும் மட்டும் ஒன்றே.

சீட்டைப் பற்றி ஒரு சொல். ரயிலுக்கு ஒரு சீட்டு, பஸ்ஸுக்கு ஒரு சீட்டு என்று அங்கு வாங்க வேண்டுவதில்லை. ஏறும் ஊரிலிருந்து இறங்கும் ஊர்வரை ஒரே சீட்டு. இடையில் மூன்று கம்பெனிகளின் வண்டிகளில் மாறினாலும் அந்தச் சீட்டே செல்லும். ஏறத்தாழ 250 போக்குவரத்து நிறுவனங்கள் இவ்வேற்பாட்டில் சேர்ந்துள்ளன. வசூலான பணத்தைப் பிறகு தமக்குள் பங்கிட்டுக் கொள்கின்றன. பங்கீட்டில் சச்சரவு இராது என்று எண்ண வேண்டா. சச்சரவைப் பயணியின் தலையில் ஏற்றவில்லை என்பதே சிறப்பு.

முடிச்சில் சேரும் வண்டிகள்

கால அட்டவணை என்றால் வண்டி எப்போது புறப்படும் என்று எழுதி ஒட்டுவது என்றே பலரும் நினைக்கின்றனர். ஸ்விஸ் ரயில்வேயிலும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனி அட்டவணை. ஒன்று வந்து சேருமுன் மற்றொன்று போய்விடும். 1972-இல் அந்த ரயில்வேயின் இளம் எஞ்சினியர்கள் சிலர் வேறொரு திட்டத்தை முன்வைத்தனர். மற்றோர் ஐரோப்பிய நாடாகிய நெதர்லாந்து 1970-இல் அத்தகைய முறையைத் தொடங்கியிருந்தது. பத்தாண்டு வாதத்துக்குப் பின், 1982 மே 23-ஆம் நாள் ஸ்விட்ஸர்லாந்து முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது.

திட்டத்தின் சாரம் இது. வண்டிகள் நாள் முழுவதும் மணிக்கொரு முறை, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படும். 8.05-க்கு ஒரு வண்டி உண்டென்றால் 9.05-க்கும் உண்டு, 10.05-க்கும் உண்டு. பயணி நிமிடத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இது முதற்படி. இரண்டாம் படிதான் அருமையானது. பெரிய நிலையங்கள் முடிச்சுகளாக வகுக்கப்பட்டன. மணி நிறைவதற்குச் சில நிமிடம் முன்பாக எல்லாத் திசைகளிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும். பயணிகள் மாறிக்கொள்வர். மணி நிறைந்து சில நிமிடத்தில் எல்லாத் திசைகளுக்கும் அவை கலைந்து போகும். பிறகு அடுத்த மணிவரை நிலையம் அமைதியாக இருக்கும். பெரிய முடிச்சில் ரயிலும் ரயிலும் சேருவது போல், சிறு நிலையத்தில் ரயிலும் தபால் பஸ்ஸும் சேரும். கிராவ்பூண்டனின் தலைநகராகிய கூர் நகரில் ரயில் நிலையத்தின் மேல்தளமே பஸ் நிலையம். பிளாட்பாரத்திலிருந்து படியேறினால் பஸ் நிற்கும்.

இம்முறையில் வேகத்துக்கு ஒரு புதிய பொருள் ஏற்படுகிறது. இரு முடிச்சுகளிலும் வண்டிகள் மணி நிறையும் வேளையிலேயே சேர வேண்டுமானால், இரண்டுக்கும் இடையேயுள்ள ஓட்ட நேரம் ஒரு மணிக்கோ, இரண்டு மணிக்கோ சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 50 நிமிடமாகக் குறைப்பதும் வீண், 65 நிமிடம் ஆவதும் கேடு. 65 நிமிடம் எடுக்கும் வண்டி இணைப்பைத் தவறவிட்டு, பயணியை அடுத்த மணிவரை காத்திருக்க வைக்கும். ஜூரிச்சுக்கும் பெர்னுக்கும் இடையே ஓட்ட நேரம் ஒரு மணியைச் சில நிமிடங்கள் தாண்டியிருந்தது. ரயில் 2000 என்னும் திட்டம் 1987 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. அதன்படி மாட்ஸ்டெட்டன் முதல் ரோத்ரிஸ்ட் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் புதுப் பாதை போடப்பட்டது. 2004 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது அந்தப் பயணம் 56 நிமிடமாயிற்று. அதைவிட வேகமாக ஓட்டும் நுட்பம் அக்காலத்தில் பிரான்சிலும் ஜப்பானிலும் இருந்தது. ஸ்விட்ஸர்லாந்தார் அதை நாடவில்லை. ஒரு மணிக்குள் வந்தால் போதும், அதற்குமேல் செலவிடும் பணத்தால் கூரிலோ டாவோஸிலோ ஒருவரும் ஒரு நிமிடம் முன்னதாக வீடு சேரப் போவதில்லை என்பது அவர்கள் கணக்கு. திட்டத்தின் முதற் கட்டத்துக்கு 740 கோடி பிராங்க் அனுமதித்திருந்தனர்; 590 கோடியில் முடித்தனர். அரசாங்க வேலை ஒன்று மதிப்பீட்டுக்குக் குறைவாக முடிந்ததைப் படிக்கும்போது, மதிப்பீடுகளைப் பரிசீலிக்கும் தொழிலிலுள்ள எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டாகிறது.

இனி, இக்கணக்கைச் சிறு அளவில் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்கு நானே அமைத்துக்கொண்ட கணக்கு. எந்த ஊரையும் குறிப்பதன்று.

ரயில் நிலையத்திலிருந்து மேலேயுள்ள கிராமத்துக்குப் பஸ் 25 நிமிடத்தில் ஏறுகிறது. இறங்கவும் 25 நிமிடம். ஆக 50 நிமிடம். மேலே 3 நிமிடம் நிற்கட்டும். கீழே ரயில் பயணிகள் ஏறி இறங்க 7 நிமிடம் நிற்கட்டும். சரியாக 60 நிமிடம் ஆகிறது. ஒரே பஸ்ஸைக் கொண்டு மணிக்கொரு முறை சேவை நடத்திவிடலாம். இப்போது, சாலையிலிருந்து விலகியுள்ள குடியிருப்புக்குள்ளும் வண்டி வந்து போக வேண்டும் என்று செல்வாக்குள்ள ஒருவர் வற்புறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 3 நிமிடம், வரும்போது 3 நிமிடம் கூடும். "மூன்று நிமிடம்தானே!" என்பார் அவர். ஆனால் 50 நிமிட ஓட்டம் 56 ஆகிவிட்டது. நிற்பதற்கு மிஞ்சியது 4 நிமிடமே. ரயில் இரண்டு நிமிடம் தாமதித்தாலும் பஸ் அதை விட்டுவிட்டுப் போகவேண்டும், அல்லது காத்திருந்து நாள் முழுவதும் தாமதித்து ஓடவேண்டும். முன்போல் நம்பத்தக்க மணிக்கொரு சேவை வேண்டுமானால் இரண்டாவது பஸ்ஸும் இரண்டாவது ஓட்டுநர் வரிசையும் தேவை. மூன்று நிமிடத்தின் விலை ஒரு பஸ். இதையே எதிர்ப்புறமாகப் பார்த்தால், ஒரு குறுகிய வளைவை அகலப்படுத்தி மூன்று நிமிடம் மிச்சப்படுத்தும் மராமத்து வேலை, ஒரு பஸ்ஸின் விலையையும் ஆண்டுச் செலவையும் மிச்சப்படுத்தலாம். சாலை இலாகாவின் செலவும் பஸ்ஸின் செலவும் வெவ்வேறு ஏடுகளில் இருக்கும்வரை இது எவர் கண்ணுக்கும் படாது.

நண்பகல் வெறும் வண்டியை நிறுத்தலாமே என்னும் யோசனையையும் இக்கணக்கிலேயே சோதிக்கலாம். பஸ் செலவு மூன்று வகைப்படும். வண்டி இருப்பதாலேயே ஆகும் செலவு: தேய்மானம், வட்டி, இன்ஷூரன்ஸ். மணிக்கணக்கில் ஆகும் செலவு: ஓட்டுநர் சம்பளம். கிலோமீட்டர் கணக்கில் ஆகும் செலவு: டீசல், டயர், பழுதுபார்ப்பில் ஒரு பகுதி. நண்பகலில் இரண்டு நடையை நிறுத்தினால் மூன்றாம் வகை மட்டுமே குறையும். வண்டி கொட்டகையில் நின்றாலும் அதன் தேய்மானம் நிற்பதில்லை; காலையும் மாலையும் தேவைப்படும் ஓட்டுநரை நடுவில் இரண்டு மணிநேரம் மட்டும் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்புவதும் எளிதன்று. செலவில் ஒரு சிறு பங்கு மிஞ்சும். "எந்த மணியிலும் வண்டி உண்டு" என்ற நம்பிக்கை போகும். இரவின் கடைசி வண்டியும் அப்படியே. அதில் வருபவர் இருவராக இருக்கலாம். ஆயினும் அதற்கு முந்திய வண்டியில் வரும் இருபதின்மர், ஒருவேளை இதைத் தவறவிட்டால் அடுத்தது உண்டு என்ற துணிவிலேயே காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள். கடைசி வண்டியை நிறுத்தினால் அவர்களுள்ளும் சிலர் குறைவர். பிறகு அந்த வண்டியும் நஷ்டமென்று தோன்றும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்ததும் நழுவும் என்பது நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

எல்லா ஊருக்கும் மணிக்கொரு பஸ் கொடுக்க அவர்களாலும் இயலாது. ஆகவே அளவுகோல் எழுதி வைத்திருக்கின்றனர். ஆண்டு முழுவதும் குறைந்தது 100 பேர் வசிக்கும் ஊராக இருந்தால், பொதுப் பணத்தால் அவ்வூரை இணைக்கலாம். வழித்தடத்தில் மிக நெரிசலான பகுதியில் நாளொன்றுக்குச் சராசரி 32 பயணிகள் இருந்தால், போகவும் வரவுமாக நான்கு இணை நடைகள் கிடைக்கும். 500 பேரைத் தாண்டினால் மணிக்கொரு முறையாக 18 இணை நடைகள். இன்னும் குறைந்த ஊர்களுக்கு, முன்னதாகத் தொலைபேசியில் சொன்னால் வந்து ஏற்றிக்கொள்ளும் சிறு வண்டி முறையை 1990-களில் தபால் பஸ் நிறுவனம் தொடங்கிற்று. இவ்வெண்கள் சரியா தவறா என்று வாதிக்கலாம். ஆனால் எண் எழுதப்பட்டிருப்பதால், எவருடைய செல்வாக்கால் பஸ் வந்தது, எவருடைய பகையால் நின்றது என்ற பேச்சுக்கு இடம் குறைகிறது.

நஷ்டத்தை விலைப்புள்ளியில் எழுதுதல்

இப்போது பணத்துக்கு வருவோம். இத்தகைய பிரதேசச் சேவையின் செலவில் ஏறத்தாழப் பாதி பயணிகள் தரும் கட்டணத்தால் கிடைக்கிறது. மறுபாதியைக் கூட்டாட்சி அரசும் மாநிலங்களும் பகிர்ந்து கொள்கின்றன. கிராவ்பூண்டன் போன்ற மலைமாநிலத்துக்குக் கூட்டாட்சியின் பங்கு பாதிக்குமேல் போகும். சமவெளியிலுள்ள செல்வ மாநிலத்துக்குக் குறையும்.

கொடுக்கும் முறையே கவனிக்கத்தக்கது. ஆண்டு முடிவில் "இவ்வளவு நஷ்டம்" என்று கணக்குக் காட்டிப் பணம் பெறுவதன்று. அரசும் மாநிலமும் சேவையை "ஆர்டர்" கொடுக்கின்றன. இந்த வழித்தடத்தில் இத்தனை நடைகள் வேண்டும் என்று கேட்கின்றன. நிறுவனம் வழித்தடந்தோறும் விலைப்புள்ளி தருகிறது: இவ்வளவு செலவாகும், இவ்வளவு கட்டணம் வசூலாகும், ஈடாகாமல் நிற்பது இவ்வளவு. பேரம் பேசி முடிவானபின், இரண்டாண்டு அட்டவணைக் காலத்துக்கு அத்தொகை உறுதியாகிறது. பிறகு செலவு கூடினால் அது நிறுவனத்தின் பாடு. சிக்கனமாக நடத்தி மிஞ்சினால் அந்த உபரியின் பெரும்பகுதியை வருங்கால நஷ்டத்துக்கென்று தனி ஒதுக்கு நிதியில் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. நம் சேம நிதியைப் போன்றதுதான். திட்டமிட்டு லாபம் சம்பாதிக்க இச்சேவையில் இடமில்லை.

முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. இம்முறையில் "நஷ்டக் கிளை" என்ற சொல்லுக்கே பொருளில்லை. விலைப்புள்ளியில் எழுதிய தொகைக்குள் நடந்த வழித்தடம் நன்கு நடந்த வழித்தடம்; அதை மீறியது மோசமாக நடந்தது. அந்தத் தொகை அவ்வூருக்குத் தகுமா என்று கேட்க வேண்டிய இடம் ஆர்டர் கொடுக்கும் மேசை. வண்டி ஓட்டும் கொட்டகையன்று. நம் பேரவையில் இவ்விரு கேள்விகளும் ஒன்றாகக் குழம்புவதால்தான், நேர்மையாக உழைக்கும் கிளைக் குமாஸ்தா குற்றவாளியைப் போல் நிற்கிறார்.

இத்தனை ஒழுங்கான ஏற்பாட்டில் ஓட்டை எங்கே விழுந்தது?

2018 பிப்ரவரி 6-ஆம் நாள் அந்நாட்டுச் செய்தித்தாள்களில் தபால் பஸ் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. மானியம் பெறும் பிரதேசச் சேவையில் உண்மையாக மிஞ்சிய தொகையை அந்நிறுவனம் ஒதுக்கு நிதியில் வைக்கவில்லை. மானியம் பெறாத வேறு பிரிவுகளின் பெயரில் மாற்றி எழுதியிருந்தது. மானியச் சேவையின் கணக்கில் அதற்குரியதல்லாத செலவு ஏறிற்று. ஏறவே அச்சேவையின் செலவு மிகுந்து தோன்றிற்று. மிகுந்து தோன்றவே அடுத்த விலைப்புள்ளியிலும் மானியம் மிகுந்தே கேட்கப்பட்டது. 2007 முதல் 2015 வரையுள்ள ஆண்டுகளுக்கு மட்டும் 7 கோடியே 83 லட்சம் பிராங்க் என்று முதலில் கணக்கிட்டனர். மேலும் தோண்டத் தோண்டத் தொகை வளர்ந்தது. இறுதியில் கூட்டாட்சிக்கும் மாநிலங்களுக்கும் 18 கோடியே 81 லட்சம் பிராங்க் திருப்பித் தர நேர்ந்தது. உள்ளாட்சிகளுக்குத் தந்ததையும் சேர்த்தால் 20 கோடியைத் தாண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் தபால் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். தபால் பஸ் பிரிவின் நிர்வாகிகளும் பதவி இழந்தனர்.

இதில் விந்தை என்னவெனில், தபால் நிறுவனம் முழுவதும் கூட்டாட்சி அரசுக்கே சொந்தம். அரசின் வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போன பணம்தானே, எவர் குடி கெட்டது என்று கேட்பாரும் உண்டு. கெட்டது மூவர் குடி. முதலாவது, மானியத்தில் ஒரு பங்கு மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தந்தது. அவர்கள் தபால் நிறுவனத்தின் சொந்தக்காரர்கள் அல்லர். இரண்டாவது, அந்தப் பணத்தால் வேறொரு பள்ளத்தாக்கில் இன்னும் சில நடைகள் ஓட்டியிருக்கலாம். அங்கு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்க்குத் தாம் எதை இழந்தோம் என்பதே தெரியாது. மூன்றாவது, விலைப்புள்ளியின் மேலிருந்த நம்பிக்கை. ஒருவர் பொய் எழுதினால் எல்லோர் விலைப்புள்ளியையும் ஐயத்தோடு பார்க்க நேரிடும். அடுத்த சில ஆண்டுகளில் வேறு நிறுவனங்களின் மானியக் கணக்குகளும் கிளறப்பட்டன. அவற்றிலும் சில குறைகள் வெளிவந்தன.

குற்றச்சாட்டு, தனிமனிதர் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்தார் என்பதன்று. அதனால்தான் இது படிக்கத்தக்க வழக்கு. இரண்டு எஜமானர்களின் கட்டளை ஒன்றோடொன்று முரண்பட்டது. ஆர்டர் கொடுத்த சட்டம் "இச்சேவையில் லாபம் கூடாது" என்றது. உடைமையாளராகிய தாய் நிறுவனம் "உன் பிரிவு லாபம் காட்ட வேண்டும்" என்றது. நடுவில் நின்றவர்கள் இரண்டையும் நிறைவேற்றியதாகக் காட்டக் கணக்கை வளைத்தனர். பின்னர் நடந்த விசாரணைகளும் இந்த முரண்பாட்டையே முதற் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டின. நிறைவேற்ற இயலாத இலக்கைக் கீழிருப்பவனுக்கு விதித்துவிட்டு, அவன் அனுப்பும் அறிக்கையில் இலக்கு நிறைவேறியிருப்பதைக் கண்டு மகிழும் மேலாளர், தாமும் அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதியவரே என்பது என் கருத்து.

ஆண்டுதோறும் தணிக்கை நடக்கவில்லையா என்றால், நடந்தது. கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்திருக்கும். வவுச்சர் இருக்கும், கையொப்பம் இருக்கும். தலைப்பு மட்டும் மாறியிருக்கும். மொத்தத்தைப் பார்க்கும் தணிக்கையில் தலைப்பு மாற்றம் அகப்படாது. ஏனெனில் மொத்தம் மாறுவதில்லை. கூட்டாட்சிப் போக்குவரத்து அலுவலகம் 2017-இல் மானியம் என்ற ஒரே கண்ணோட்டத்தோடு அக்கணக்குகளைப் பரிசீலித்தபோதுதான் முறைகேடு தெரிந்தது. இந்தச் செலவு ஏன் இந்த வழித்தடத்தின் பெயரில் இருக்கிறது என்பது சிறு கேள்விதான். அத்தனை ஆண்டுகள் அதை வற்புறுத்திக் கேட்டவர் இல்லை.

கைத்தறித் துணிக்கு அரசு தரும் தள்ளுபடி மானியத்தைப் பெறும் சங்கங்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். மானியம் உண்டான விற்பனையும் அது இல்லாத விற்பனையும் ஒரே கடையில், ஒரே குமாஸ்தாவின் கையால், ஒரே மின்விளக்கின் கீழ் நடக்கின்றன. கடை வாடகையை எந்தத் தலைப்பில் எவ்வளவு எழுதுவது? விழாக்காலக் கண்காட்சிக்குத் துணி ஏற்றிச்சென்ற லாரி, திரும்பும்போது நூல் மூட்டை ஏற்றி வந்ததே, அந்த வாடகை எதில் சேரும்? நான் பார்வையிட்ட சங்கங்களில் இதற்கு எழுதப்பட்ட விதி இருந்தது மிகச் சிலவற்றில்தான். மற்றவற்றில், எந்தத் தலைப்பில் பணம் மிஞ்சியிருக்கிறதோ அந்தத் தலைப்பில் எழுதும் வழக்கமே இருந்தது. ஒரு பைசாவும் களவு போகவில்லை. ஆயினும் எந்தச் சரக்கு லாபம், எந்தச் சரக்கு நஷ்டம் என்று அந்தச் சங்கங்களின் கமிட்டியார் ஒருவராலும் சொல்ல இயலவில்லை. பங்கீட்டு விதியை ஆண்டுத் தொடக்கத்தில் கமிட்டித் தீர்மானமாக எழுதிவிட்டால் காரியதரிசிக்கும் நிம்மதி, தணிக்கையாளருக்கும் வேலை குறைவு. சதுர அடிக் கணக்கில் வாடகை, மூட்டைக் கணக்கில் லாரி என்று எளிய விதியாக இருந்தாலும் போதும். நடு ஆண்டில் மாற்றக் கூடாது, அவ்வளவே.

மீண்டும் மலைநாட்டுக்கு வருவோம். அங்குள்ள பொதுமக்களுக்கு இதில் பங்கு இல்லாமலில்லை. அடுத்த ஆண்டுக்குரிய அட்டவணையின் வரைவு, கோடைத் தொடக்கத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. பஸ் ரயிலுக்கு முன்பே போய்விடுகிறது, பள்ளி விடும் வேளைக்கு வண்டி இல்லை என்பன போன்ற முறையீடுகளைக் குறித்த நாளுக்குள் எழுதி அனுப்பலாம். மாநில அலுவலகம் அவற்றைத் திரட்டி, ஓட்டும் நிறுவனங்களோடு பேசுகிறது. எல்லாக் கோரிக்கையும் நிறைவேறுவதில்லை. மேலே சொன்ன மூன்று நிமிடக் கணக்கு பல கோரிக்கைகளுக்குக் குறுக்கே நிற்கும். முடிவானது வெளியாகி, டிசம்பர் மாதத்து இரண்டாம் சனிக்கு அடுத்த ஞாயிறு முதல் நடைமுறைக்கு வருகிறது. ஐரோப்பாவின் பிற ரயில்களும் அதே நாளில் அட்டவணை மாற்றுவதால், எல்லை கடந்து வரும் வண்டியும் கூர் நிலையத்து மேல்தளப் பஸ்ஸும் ஒருசேரப் புது நேரத்துக்கு மாறிக்கொள்கின்றன.